சத்தமில்லாத பதினோரு நிமிடங்கள்

அத்தியாயம் 17

சனிக்கிழமை காலை எட்டரை மணி. மெரிடியன் தியேட்டரின் நடு வரிசையில் தன்னந்தனியாக உட்கார்ந்து, தான் எடுத்த படத்தின் கடைசிப் பகுதியை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கொரின் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

திரையில் கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவு திறந்தது. சத்தம் வரவில்லை. செத்துப்போன நாற்பத்தொரு தொழிலாளர்கள் மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். சத்தம் வரவில்லை. கதாநாயகன் கையை உயர்த்தி வாயைப் பெரிதாகத் திறந்தான். அவன் குரலும் வரவில்லை.

"பெர்னடெட்! ஸ்பீக்கர் போயிடுச்சா?" என்று மாடியைப் பார்த்துக் கத்தினாள்.

அந்தத் தியேட்டரில் டிக்கெட் கிழிப்பது, சோளப்பொரி பொரிப்பது, படம் ஓட்டுவது எல்லாமே பெர்னடெட்தான். சின்ன ஜன்னல் வழியாக அவள் தலை தெரிந்தது.

"ஸ்பீக்கருக்கு என்ன கேடு? இத்தனை நேரம் உன் புருஷன் கத்துனதுல என் காதே போயிடுச்சு. சத்தம் இல்லாதது உன் படத்துலதான்."

வியாழக்கிழமை கொரினுடைய பழைய கம்ப்யூட்டர் புகைந்து நின்றதும், துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்து அவள் அழுததும் சென்ற வாரமே நமக்குத் தெரியும். அது கண்ணை மூடுவதற்கு முன்னால் படத்தைச் சின்ன டிஸ்க்கில் ஏற்றிவிட்டது என்றுதான் அவள் நிம்மதியாக இருந்தாள். ஏற்றியதுதான். கடைசிப் பதினோரு நிமிடத்தின் ஒலியை மட்டும் விட்டுவிட்டது. பிட்ஸ்பர்க்கில் அதைப் பிரித்துப் போட்டிருக்கும் பையன் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருந்தான்.

படமோ இன்று மதியம் இரண்டு மணிக்கு.

பல் மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடம் சனி ஞாயிறு பார்க்காமல் எடுத்த படம். பெயர் 'மூன்று மணி ஷிப்ட்'. அவர்கள் ஊரான ஆர்டன் பெண்டில் பதினாலு வருடத்துக்கு முன்னால் மூடிய கண்ணாடி ஆலையை இடிக்க ஆட்கள் வருகிறார்கள். அதில் வேலை பார்த்துச் செத்தவர்கள் கல்லறையிலிருந்து எழுந்து, மத்தியான ஷிப்டுக்குத் திரும்ப வருகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஜோம்பிகளாக நடித்தவர்கள் எல்லோரும் அந்த ஆலையில் வேலை பார்த்து இன்னும் உயிரோடு இருப்பவர்கள்.

இன்றைக்கு ஊரே வருகிறது. ஊர் வந்தால்கூடப் பரவாயில்லை. மேக்ஸின் டாலிவர் வருகிறாள்.

பிட்ஸ்பர்க் வாரப் பத்திரிகையில் முப்பது வருடமாகப் படங்களைக் கிழித்துத் தோரணம் கட்டுகிற மேக்ஸின் டாலிவர்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?"

இரண்டு கையிலும் காப்பியோடு கிளென் வந்து நின்றான். கொரினின் கணவன். வாரம் முழுவதும் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். எதிரே லாரி வந்தாலும் குரலை உயர்த்தாத பிறவி. படப்பிடிப்பின் இரண்டாம் நாள் கதாநாயகன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனபோது, "சட்டை எனக்குச் சரியா இருக்குமா பாரு" என்று கேட்டு உள்ளே வந்தவன்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் காப்பியை ஒரு வாய் குடித்தான்.

"அந்த இடத்துல மொத்தம் பேச்சே என்னோட வசனம் ஒண்ணுதானே?"

"ஆமா. வாசல்ல நின்னு பேசுற வசனம்."

"அப்ப நான் திரைக்குப் பக்கத்துல நின்னு நேராவே பேசிடறேன். மீதிக்கு நீ ரெண்டு வார்த்தை சொல்லி மன்னிப்பு கேட்டுடு."

"எல்லார் முன்னாடியுமா?"

"செருப்பு வந்தா குனிஞ்சுக்கறேன். வேற என்ன வழி இருக்கு?"

வேறு வழி இருக்கவில்லை.

*

ஒன்பதரைக்கெல்லாம் தியேட்டர் முகப்பில் பிணங்கள் வரிசையில் நின்றன. கறுப்புக் கோட்டு, கழுத்துப் பட்டி, கையில் சாப்பாட்டு டப்பா, காலில் இரும்பு முனை வைத்த ஆலைப் பூட்ஸ். முதல் காட்சிக்குப் படத்தில் இருந்த கோலத்திலேயே எல்லோரும் வர வேண்டும் என்பது கொரினின் ஏற்பாடு.

நாற்காலி போட்டு மேக்கப் செய்துகொண்டிருந்தாள் அவள் அம்மா லோரெட்டா. லெஸ்கோ இறுதிச்சடங்கு இல்லத்தில் இருபத்திரண்டு வருடமாக, சவப்பெட்டியில் வைப்பதற்கு முன்னால் இறந்தவர்களுக்குத் தலை சீவிப் பவுடர் பூசி விடுகிற வேலை அவளுக்கு. ஜோம்பி என்றால் கன்னம் கிழிந்து பல் தெரிய வேண்டும் என்று மகள் எவ்வளவோ கெஞ்சியும் அவள் மசியவில்லை. 'என் கையால ஒருத்தரையும் நான் அலங்கோலமா அனுப்பினதில்ல' என்று சொல்லிவிட்டாள். அதனால் இந்தப் படத்துப் பிணங்கள் எல்லாம் பளிச்சென்று சவரம் செய்து, வகிடெடுத்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தன.

"லோரெட்டா, கொஞ்சம் பார்த்துப் பூசு. நிஜமாச் சாகும்போது எனக்கு மிச்சம் வேணும்" என்றார் சிக் யூரிக். ஆலையில் உலைக்குப் பக்கத்தில் நின்றவர், இப்போது எழுபத்திரண்டு வயது.

"உனக்கு அப்ப ஒரு டப்பா பத்தாது சிக். வாயை மூடு, உதடு கலையுது."

"என் பொண்டாட்டி சொல்றா, செத்த பிறகு நீ பார்க்க லட்சணமா இருக்கேன்னு."

"அவ உசிரோட இருக்கற உன்னையில்ல தினம் பார்க்கறா!" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, வரிசை முழுவதும் கொல்லென்று சிரித்தது.

கொரின் அம்மாவின் காதருகே குனிந்தாள். "அப்பா வராராம்மா?"

லோரெட்டா பஞ்சை நனைத்துக்கொண்டே சொன்னாள்: "நாப்பது பேருக்குத்தான் பவுடர் கரைச்சிருக்கேன்."

அவ்வளவுதான் பதில். நாற்பத்தொன்றாவது பிணம் கொரினின் அப்பா ரூடி சபோல்.

ஏப்ரல் மாதம் கல்லறை மேட்டில் நடந்த சண்டையை அந்த ஊரே பார்த்தது. 'தள்ளாடி நடங்கப்பா, நீங்க செத்துட்டீங்க' என்று அவள் சொல்ல, 'செத்தா என்ன? முப்பத்தொரு வருஷத்துல ஒரு நாள்கூட நான் ஷிப்டுக்குத் தள்ளாடிப் போனதில்ல' என்று அவர் நிமிர்ந்தே நடந்தார். மூன்று தடவை, நாலு தடவை. ஐந்தாவது தடவை அவள் பொறுமை இழந்து, 'இது உங்க ஆலை இல்ல, என் படம்' என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டாள். ஆலை வாசல் காட்சியை அதற்கு முன்பே எடுத்தாகிவிட்டது; அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். ஏழு வாரமாக மகள் வீட்டுக்குள் நுழைந்தால் அவர் பின்கட்டுக் கார் கொட்டகைக்குப் போய்விடுவார்.

தன்னைப் படத்திலிருந்து வெட்டி எறிந்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அவர் நிமிர்ந்து நடந்ததில் ஒன்றை அவள் அப்படியே வைத்திருந்தாள். அதைப் போய்ச் சொல்லத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. பிடிவாதத்தில் அவளும் ஒரு சபோல்தானே.

*

ஒன்றே முக்காலுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு நாற்காலியும் நிறைந்துவிட்டது. முகப்பு மேசையில் பெண்கள் கொண்டுவந்த கொட்டைப் பிஸ்கட்டும், முட்டைக்கோசு நூடுல்சும் அடுக்கியிருந்தன. கறுப்புக் கோட்டுக்காரர்கள் நாற்பது பேரும் இரு ஓரமும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் பயப்படுவதற்குப் பதில் அவர்கள் மடியில் ஏறிக்கொண்டன.

மேக்ஸின் டாலிவர் ஐந்தாவது வரிசையில் இருந்தாள். குட்டை முடி, ஆண்பிள்ளைக் கடிகாரம். மடியில் ஒரு நோட்டு. அதன் நடுவில் பேனாவால் ஒரு கோடு கிழித்துக்கொண்டாள்.

விளக்கு அணைகிற நேரத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால் கதவு திறந்தது. ஓர் உயரமான ஆள் நுழைந்து சுவரோரமாக நின்றார். தினமும் போடுகிற பழைய ஜாக்கெட். காலில் பூட்ஸ். முகத்தில் பவுடர் இல்லை.

கொரின் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். 

படம் ஆரம்பித்தது.

எடுத்தவளுக்குத் தெரியாத குறையா? இருந்தாலும் இருநூறு பேர் நடுவில் உட்கார்ந்து பார்க்கும்போது ஒவ்வொன்றும் ஊசியாகக் குத்தியது. நள்ளிரவு என்று நீலச் சாயம் பூசிய காட்சியில் மரங்களின் நிழல் உச்சி வெயில் நிழலாகக் காலடியில் கிடந்தது. 'இந்த ஊரில் ஒரு ஈ காக்கை இல்லை' என்று கிளென் சொன்னபோது அவன் தோளுக்குப் பின்னால் பெர்னடெட்டின் சிவப்புக் கார் நிதானமாகப் போனது. இன்னொரு காட்சியில் அதே கார் திரும்பி வந்தது.

"எங்கடி போன?" என்று யாரோ கேட்க, "ரொட்டி வாங்க!" என்று மாடி ஜன்னலிலிருந்து பதில் வந்தது. அரங்கம் அதிர்ந்தது.

சிக் யூரிக் கல்லறையிலிருந்து எழுந்த இடத்தில் அவர் நாய் ஓடி வந்து, வாலை ஆட்டிக்கொண்டு பிணத்தின் கையை நக்கியது. அதற்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை. முன் வரிசையில் ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சுவதுகூடக் கேட்டது.

நாற்பதாவது நிமிடம் வந்தது. கிளென் லாரியின் மேல் ஏறி நின்று, முஷ்டியை உயர்த்தி முழங்கினான்:

"மரணமே! உன் வேலை நேரம் முடிந்துவிட்டது!"

 அப்புறம் வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு, கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி. பெரியவர்கள் தொடையைத் தட்டிக்கொண்டார்கள். சிக் யூரிக் கண்ணைத் துடைத்ததில் லோரெட்டா காலையில் போட்ட மை கன்னமெல்லாம் இழுத்துக்கொண்டது. மேக்ஸின் டாலிவர் கோட்டுக்கு இடது பக்கம் வேகவேகமாக எழுதினாள்.

கொரின் கூசிப்போய்ப் பின்னால் திரும்பினாள். வலப்பக்கக் கதவருகே நின்று பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தான் கிளென்.

அங்கே அவன் இல்லை.

இடப்பக்கம் பார்த்தாள். இல்லை. இருபது நிமிடம் பொறுத்தும் அவன் வராமல் போகவே, எழுந்து முகப்புக்குப் போய்ப் பார்த்தாள். பிஸ்கட் மேசையில் இரண்டு குழந்தைகள்தான் நின்றன. வெளியே அவர்கள் வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது.

போய்விட்டான். ஊரே சேர்ந்து சிரித்தால் யார்தான் நிற்பார்கள்? எனக்காக வேஷம் கட்டினவனை நானே நடுச் சந்தியில் நிறுத்திவிட்டேனே என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. போன் செய்தாள். எடுக்கவில்லை.

உள்ளே அறுபத்தெட்டாவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

*

இன்னும் ஐந்து நிமிடம். வசனம் பேச ஆள் இல்லை. படத்தை நிறுத்தி மன்னிப்புக் கேட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? கொரின் இருட்டில் தடவிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். 'எல்லாரும் கொஞ்சம் மன்னிக்கணும்' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். 

திரையில் கல்லறைத் தோட்டத்தின் கதவு திறந்தது.

சத்தம் நின்றது.

"பெர்னடெட், காது கேக்கல!" என்று ஒருவர் கத்தினார். யாரோ விசிலடித்தார்கள். நாற்காலிகள் கிரீச்சிட்டன. மேக்ஸின் டாலிவர் நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தாள். கொரின் வாயைத் திறந்தாள். 

அப்போது மேட்டு உச்சியில், மற்றவர்களுக்கு முன்னால், ஓர் உயரமான மனிதர் தோன்றினார். கறுப்புக் கோட்டு. கையில் டப்பா. முதுகு வளையவில்லை, கை நீளவில்லை, கால் இடறவில்லை. வேலைக்குப் போகிற ஒரு மனிதர் எப்படி நடப்பாரோ அப்படி நடந்து இறங்கினார்.

"அது ரூடி இல்ல?" என்று ஒரு குரல்.

டக்.

அரங்கின் பின்னாலிருந்து வந்தது அந்தச் சத்தம்.

டக். டக்.

கொரின் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். சுவரோரம் நின்ற அவள் அப்பா இரண்டு கையையும் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு, திரையில் தன் கால் தரையில் படும்போதெல்லாம் நிஜப் பூட்ஸால் மரத் தரையை மிதித்துக்கொண்டிருந்தார். அவசரமில்லாத, கனமான, சீரான மிதி.

சிக் யூரிக் திரும்பிப் பார்த்தார். தோளை நிமிர்த்தினார். மேட்டில் அவர் உருவம் தெரிந்ததும் அவர் காலும் சேர்ந்துகொண்டது. அடுத்து பக்கத்து நாற்காலி. அதற்கடுத்தது. திரையில் ஆட்கள் வரிசையாக இறங்க இறங்க, இரண்டு ஓரங்களிலும் பூட்ஸ்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பத்து பேர். இருபது பேர். நாற்பத்தொரு பேர். முப்பது வருடம் ஒரே நேரத்தில் ஒரே வாசலுக்கு நடந்த கால்களுக்கு யார் தாளம் சொல்லித் தர வேண்டும்? பழைய மரத் தரை முழுவதும் பேசியது. நாற்காலிக் கைப்பிடிகள் நடுங்கின. சோளப்பொரி டப்பா ஒன்று தானாக உருண்டு ஓடியது. கொரினின் உள்ளங்காலில் ஏறி முழங்கால் வழியாக நெஞ்சு வரை வந்தது அந்தச் சத்தம்.

யாரும் சிரிக்கவில்லை. மடியில் இருந்த குழந்தைகள் கோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

ஆலை வாசல். திரையில் பிணங்கள் நின்றன. அரங்கிலும் கால்கள் ஒரே மிதியில் நின்றன.

கேட்டை மறித்துக்கொண்டு கிளென். அவன் வாய் அசைந்தது. அவன் பேச வேண்டிய இடம் இது. அவன் இல்லை.

அந்த வசனம் கொரினுக்குத் தலைகீழாகத் தெரியும். மனித குலம், காலச் சக்கரம், உழைப்பின் ஆன்மா. ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதியது. இப்போது அதில் ஒரு வார்த்தையும் இல்லை. இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெறும் முகம் மட்டும் இருந்தது. பயந்துபோன, களைத்துப்போன, வழிவிடுவதா வேண்டாமா என்று தவிக்கிற ஒரு நல்ல மனிதனின் முகம்.

இரண்டு வருடமாகத் தன் புருஷனுக்கு நடிக்க வரவில்லை என்றே நினைத்திருந்தாள். தனக்குத்தான் எழுத வரவில்லை என்பது அந்த நிமிடம் அவளுக்கு விளங்கியது.

கிளென் ஒதுங்கிக் கேட்டைத் திறந்தான். ரூடி சபோல் உள்ளே போனார். பின்னாலேயே மற்றவர்கள். அரங்கில் கால்கள் மறுபடி எழுந்தன. உள்ளே தூசி படிந்த நேரப் பதிவு இயந்திரத்தில் அவர் தன் அட்டையைச் செருகினார். கால்கள் ஓய்ந்தன. திரை இருண்டது.



அப்புறம் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கைதட்டலா அது? கைதட்டல், விசில், நாற்காலி தட்டல், "ரூடி! ரூடி!" என்ற கூச்சல். சிக் யூரிக் பக்கத்தில் இருந்த பிணத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பெர்னடெட் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி ஓடி வந்து கொரினைத் தூக்கியே விட்டாள். லோரெட்டா மேடையோரம் வந்து, மகள் முகத்தைக் கையில் பிடித்து, "கண்ணு மையைத் துடை, போட்டோ எடுக்கறாங்க" என்று சொல்லிவிட்டுத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

*

முகப்பில் கூட்டம் நெரிந்தது. மேக்ஸின் டாலிவர் ஒரு கையில் பிஸ்கட்டும் மறு கையில் நோட்டுமாக வழி பண்ணிக்கொண்டு வந்தாள்.

"நீதானே எடுத்தே? உன்கிட்ட பூசி மெழுகப் போறதில்ல. நள்ளிரவுன்னு சொல்ற, வெயில் சுளீர்னு அடிக்குது. அந்தச் சிவப்புக் காருக்கு ஒரு சம்பளம் கொடுத்திருக்கலாம். முதல் அரை மணி நேரம் பாதியா வெட்டணும். வசனம் எல்லாத்தையும் ஆத்துல போடு. இடது பக்கம் ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கேன்."

"சரிங்க" என்றாள் கொரின் மெல்ல.

"வலது பக்கம் கேக்க மாட்டியா? நான் பார்த்த ஜோம்பி எல்லாம் ரத்தத்தைப் பூசிக்கிட்டு உறுமிக்கிட்டுத்தான் வரும். உன் ஆளுங்க தலை சீவிக்கிட்டு வேலைக்கு வராங்க. அவங்களைப் பார்த்துப் பயப்படவும் முடியல, கண்ணை எடுக்கவும் முடியல. மேக்கப் யாரு?"

"எங்கம்மா."

"அவங்க கையை முத்தமிடணும். உன் கதாநாயகன் வாயை மூடிக்கிட்டா நல்ல நடிகன். முன்னாடி நடக்கறாரே ஒருத்தர், அவர் நடை ஒண்ணே போதும், மீதிப் படம் இல்லாட்டியும் போகட்டும். அந்தப் பூட்ஸ் சத்தம், அது உன் யோசனையா?"

கொரின் திரும்பிப் பார்த்தாள். அப்பா வாசலோரம் ஜாக்கெட் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"இல்லைங்க. ஒலி கெட்டுப்போச்சு. அவர்தான் ஆரம்பிச்சார்."

மேக்ஸின் டாலிவர் பிஸ்கட்டை வாயில் போட்டு மென்றாள். "கிளீவ்லண்ட்ல என் சிநேகிதி ஒருத்தி தியேட்டர் நடத்துறா. அடுத்த சனிக்கிழமை அவ திரை காலி. இந்தப் படத்தை அனுப்பு. ஒலியைச் சரி பண்ணித் தொலைச்சுடாதே. கால்களை அனுப்பு. நாப்பத்தொரு ஜோடியும்."

"கிளீவ்லண்டா!" என்று சிக் யூரிக் கத்த, முகப்பு மறுபடி ஆர்ப்பரித்தது.

கொரின் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அப்பாவிடம் போனாள்.  அவர்தான் ஆரம்பித்தார்.

"என்னை வெட்டிப் போட்டுட்டேன்னு நினைச்சேன்."

"வெட்ட முடியலப்பா. எத்தனை தடவை பார்த்தாலும் அது ஒண்ணுதான் நிஜமா இருந்துச்சு."

"அதை என்கிட்ட வந்து சொல்றதுக்கு ஏழு வாரம் பத்தலையா உனக்கு?"

"பத்தல. நான் அன்னிக்கு அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. தப்புப்பா."

"தப்புதான்" என்றார் ரூடி. குனிந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "பாதிக்குமேல கால் வலி எடுத்துடுச்சு. நிறுத்தினா நீ அங்க தனியா நிப்பியேன்னு விடாம மிதிச்சேன்."

அவள் அவர் ஜாக்கெட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் கை மெல்ல அவள் முதுகில் வந்து படிந்தது. தூரத்தில் நின்ற லோரெட்டா எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"சரி சரி. உன் புருஷன் எங்கே? அந்த வாசல் காட்சிக்கு அவன் கையைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை சொல்லணும்."

கொரின் நிமிர்ந்தாள். "எல்லாரும் சிரிச்சாங்களேப்பா. அவமானப்பட்டுப் போயிட்டார். போன்கூட எடுக்கல. அதுக்கப்புறம் வந்த நல்லதை அவர் பார்க்கவேயில்ல."

"யாரு சொன்னா?" என்று குறுக்கே வந்தாள் பெர்னடெட். கையில் காலி பிஸ்கட் தட்டு. "சிரிப்பு வந்தப்ப கிளென் என் ரூமுக்கு வெளிய, மாடிப்படியிலதான் நின்னான். எல்லாரையும்விட அவன்தான் அதிகமாச் சிரிச்சான். 'இதைப் பேசும்போதே எனக்கு வயிறு வலிச்சுது பெர்னடெட்'னு சொல்லிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டான்."

கொரினுக்கு ஒரு பாரம் இறங்கியது. "அப்ப ஏன் போனார்?"

பெர்னடெட் தட்டைக் கீழே வைத்தாள்.

"போன் வந்துச்சு. யாருன்னு தெரியல. கேட்டதும் முகம் வெளுத்துப்போச்சு. 'நீ எங்க இருக்கே? அங்கேயே இரு, அசையாதே, நான் வரேன்'னு சொன்னான். என்னடான்னு கேட்டேன். 'கொரின்கிட்ட இப்ப எதுவும் சொல்லாதே. இன்னிக்கு அவ நாள்'னுட்டுப் படியில ரெண்டு ரெண்டா இறங்கி ஓடிட்டான். வண்டி பாலத்துப் பக்கம் போச்சு."

பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஒருத்தரும் கிடையாது.

முகப்பில் யாரோ பாட ஆரம்பித்திருந்தார்கள். போட்டோவுக்கு வரும்படி சிக் யூரிக் கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ரூடி மகளைப் பார்த்தார். ஜாக்கெட் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தார்.

"நீ இரு. உன்னைப் பார்க்கத்தான் ஊரே நிக்குது. நான் போய்ப் பார்த்துட்டு வரேன்."

கொரின் அவருக்கு முன்னால் வாசலைத் தாண்டி, வெயிலில் நின்ற பழைய காரின் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என் நாள் முடிஞ்சுடுச்சுப்பா. நல்லாவே முடிஞ்சுது. வண்டியை எடுங்க."